புல்நிலமும் பருவப் புள்ளினமும்: சபரகமுவப் பெருந்தோட்டங்களில் வலசைப் பறவைகளை அவதானித்தல் பற்றிய ஒரு நோக்கு

தோற்றுவாய்

ஆவணி மாதக் கடைசியிலே தென்மேற்குப் பருவக்காற்றின் வேகம் தணியத் தொடங்குகையில், ஆசியாக் கண்டத்தின் வடபுலங்களிற் கூடுகட்டிக் குஞ்சு பொரித்த பறவைகள் பெருந்தொகையாகத் தெற்கு நோக்கிப் பெயர்கின்றன. சைபீரியா, மொங்கோலியா, வட சீனம், இமயமலைச் சாரல் ஆகிய இடங்களிலிருந்து புறப்படும் இவற்றுட் பல, இலங்கையை வந்தடைந்து பங்குனி, சித்திரை வரை இங்கே தங்குகின்றன. இத்தீவுக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலப்பரப்பு எதுவுமில்லை. ஆதலின், நிலத்தை நம்பி வாழும் பறவைகளுக்கு இலங்கை பயணத்தின் இறுதி எல்லையாக அமைகின்றது.

மேலைத்தேயத்தார் இக்காலத்தை இலையுதிர்காலத்தின் தொடக்கம் என்பர். என்றும் பசுமை மாறாத ஈரவலயத்துக்கு அப்பெயர் பொருந்தாது. தமிழ் மரபு வகுத்த பெரும்பொழுதுகளுள், ஆவணி, புரட்டாசியாகிய காரின் பிற்பகுதியும், ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிரின் முற்பகுதியுமே இதற்கு நேரானவை.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சபரகமுவ மாகாணத்திலே, தேயிலை, இறப்பர்ப் பெருந்தோட்டங்களையும் அவற்றின் ஓரத்துப் புல்நிலங்களையும் நாடிவரும் சிறு பறவைகளை எவ்வாறு அவதானிக்கலாம் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அந்நிலங்களிலே நாள்தோறும் உழைப்போரின் கண்ணறிவு இதுவரை ஏன் ஏட்டிலேறவில்லை என்பதை ஆராய்வது இரண்டாவது நோக்கம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது பின்வரும் பகுதிகளிற் புலனாகும்.

புல்நிலம் எனப்படுவது யாது?

சபரகமுவவின் பெரும்பகுதி ஈரவலயத்தைச் சார்ந்தது. இரத்தினபுரி நகரிலே ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாகும். இத்தகைய மழையில் நிலம் தன்போக்கில் விடப்படின் அங்கே மழைக்காடே வளரும். 1988இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சிங்கராசவனமும், சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த வனமும் அப்பண்டைக் காட்டின் எச்சங்கள். எனவே, இம்மாகாணத்தின் ஈரப்பகுதியிற் காணப்படும் புல்நிலம் பெரும்பாலும் மனித உழைப்பினதும் மனிதத் தலையீட்டினதும் விளைவு எனலாம்.

அதனை ஐந்து வகையாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது, காடழித்துப் பயிரிட்டுக் கைவிடப்பட்ட சரிவுகளிலே மானாப்புல்லும் இலுக்குப்புல்லும் கெக்கில்லப் பன்னமும் மண்டிய நிலம். இரண்டாவது, மீள்நடுகைக்காக ஒதுக்கப்பட்ட தேயிலை மலை. பழைய செடிகளைப் பிடுங்கிய பின், மண்ணின் வளத்தை மீட்கும் பொருட்டு அங்கே மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஏறத்தாழ இரண்டாண்டு வளர்த்து, அதன் பின்னரே புதுக்கன்று நடுவர். தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் பரிந்துரைக்கும் முறை இது. மூன்றாவது, கவ்வாத்து வெட்டப்பட்டுக் கட்டைகள் மட்டும் எஞ்சி நிற்கும் மலை. நான்காவது, பள்ளத்தாக்குகளிலே சிறுபோகம் அறுவடையான பின் ஒட்டுத்தாளுடன் கிடக்கும் வயல்களும், மாணிக்கக்கல் அகழ்ந்து கைவிடப்பட்ட குழிகளைச் சூழ்ந்த சதுப்புப் புல்லும். ஐந்தாவது, மழை குறைந்த கிழக்கு எல்லையிலே பலாங்கொடை, பெலிகுல் ஓயா ஆகிய பகுதிகளில் மலைச்சரிவெங்கும் பரந்து கிடக்கும் பத்தனைகள். தென்கிழக்கே, 1972இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட உடவளவையின் புல்வெளிகள் இவற்றைத் தொடர்ந்து உலர்நிலத்தைச் சென்றடைகின்றன.

பத்தனைகளின் தோற்றம் பற்றி அறிஞரிடையே நீண்டகாலக் கருத்து வேறுபாடு உண்டு. 1899இலேயே பியர்சன் என்னும் தாவரவியலாளர் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். தீயும் மேய்ச்சலும் இப்புல்வெளிகளை நிலைநிறுத்துவதிற் பெரும்பங்கு கொள்கின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும்.

புல்நிலத்தைக் குறிக்கத் தோட்டக் கணக்கேடுகளிலும் அரசாங்க ஏடுகளிலும் வழங்கும் சொல் 'தரிசு' என்பது. இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதே என்று விதித்தது. கிராமத்தவர் சேனை செய்த நிலமும் மாடு மேய்த்த நிலமும் இவ்வாறு உடைமையற்றவையாக்கப்பட்டு, கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் இப்போக்கை மேலும் வலுப்படுத்தியது. வருமானம் தராத நிலம் வெறும் நிலம் என்னும் கணக்கப்பிள்ளைப் பார்வை அன்று சட்டத்தின் வாயிலாக நிலைபெற்றது. அந்நிலத்திலே யாது வாழ்கின்றது என்னும் வினா அப்பார்வையில் எழவே இல்லை.

வலசையின் இயக்கம்

'வலசை' என்னும் சொல் முதலில் மனிதரையே குறித்தது. படைக்கு அஞ்சியோ பஞ்சத்துக்கு அஞ்சியோ ஊர்விட்டு ஊர்பெயர்ந்தோரின் கூட்டம் வலசை எனப்பட்டது. அது பின்னர் பறவைப் பெயர்ச்சிக்கும் வழங்கலாயிற்று. பறவைகள் பருவந்தோறும் திசைமாறிச் செல்வதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். குமரியில் நீராடி வடதிசை மீளும் செங்கால் நாரையிடம் தன் மனைவிக்குத் தூது சொல்லியனுப்பிய சத்திமுற்றப் புலவரின் தனிப்பாடல், அவ்வறிவுக்கு நாடறிந்த சான்றாகும். வறுமையால் ஊர் நீங்கிய மனிதனொருவனே அந்நாரையின் போக்குவரவைக் கூர்ந்து கண்டான் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சிறு பறவைகள் இத்துணை நெடுந்தூரம் பறப்பதற்குக் காரணம் குளிர் மட்டுமன்று. வடபுலத்திலே கோடையிற் பகற்பொழுது நீண்டது, பூச்சிகள் பெருகும், குஞ்சுகளுக்கு இரையூட்ட நேரமும் உண்டு. கோடை கழிந்ததும் பூச்சிகள் மறைகின்றன. ஆகவே, பூச்சியுண்ணும் பறவை இரையைத் தேடித் தெற்கே வருகின்றது. புறப்படுமுன் அது மிகுதியாக உண்டு உடலிலே கொழுப்பைச் சேர்க்கும். அக்கொழுப்பே வழியில் அதற்கு எரிபொருள். சிறு பறவைகளுட் பல இரவிலே பறக்கின்றன. பகலில் இறங்கி இரை தேடுகின்றன. தகைவிலான் போன்றவை பறந்தபடியே பூச்சி பிடிப்பதனாற் பகலிலேயே பயணஞ் செய்கின்றன.

திசையை அவை எவ்வாறு அறிகின்றன என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் படிப்படியாக வெளிப்படுத்தின. செருமனியில் கிராமர் என்பவர் 1950ஆம் ஆண்டையொட்டி மைனா இனத்துப் பறவைகளை ஆராய்ந்து, அவை ஞாயிற்றைக் கொண்டு திசையறிவதைக் காட்டினார். அமெரிக்காவில் எம்லென் 1967இல் வெளியிட்ட ஆய்வு, கோளரங்கின் செயற்கை விண்மீன்களைப் பார்த்தும் பறவைகள் திசை கொள்வதை நிறுவியது. வில்ச்கோ என்பவர் புவியின் காந்தப்புலமும் அவற்றுக்கு வழிகாட்டுவதை 1960களிலும் 1970களிலும் விளக்கினார்.

இலங்கையைப் பொறுத்தவரை மேலும் ஒரு வினா எழுகின்றது. வடபுலத்திலே பகல் குறுகுவதைக் கண்டு பறவை புறப்படுகின்றது என்பது விளங்கத்தக்கதே. ஆனால் சபரகமுவ, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமிடையே ஒரு மணி நேர வேறுபாடு கூட இல்லை. அவ்வாறாயின், மீண்டும் வடக்கே புறப்படவேண்டிய காலத்தை அது எங்ஙனம் உணர்கின்றது? செருமானிய ஆய்வாளர் குவின்னர் 1960களிலிருந்து நடத்திய ஆய்வுகள், பறவையின் உடலுக்குள்ளேயே ஆண்டளவான ஒரு காலக்கணிப்பு இயங்குவதைக் காட்டின. பகலும் இரவும் மாறாத அளவிலே வைக்கப்பட்ட பறவைகளும் உரிய பருவத்தில் இறகுதிர்த்தன, பயணத்துக்குத் தவித்தன.

இலங்கைக்கு வரும் பறவைகள் மூன்று வழிகளால் வருவதாக இந்நாட்டுப் பறவையியலாளர் கொள்வர். இந்தியாவின் மேற்குக் கரையைத் தழுவிய வழி ஒன்று. கிழக்குக் கரையைத் தழுவிய வழி மற்றொன்று. அந்தமான் தீவுகளின் ஊடாக வங்கக்கடலைக் கடக்கும் வழி மூன்றாவது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே.

சபரகமுவவிற் காணத்தக்கவை

இப்பறவைகளைப் பாடும் பறவைகள் என்று அழைப்பதிலே ஒரு முரண்பாடு உண்டு. பாட்டு பெரும்பாலும் கூடுகட்டும் நிலத்துக்குரியது. அங்கே துணையை அழைக்கவும் எல்லையைக் காக்கவும் அது பயன்படுகின்றது. இங்கு வந்து தங்கும் காலத்தில் இவை முழுப்பாட்டைப் பாடுவது அரிது. ஆதலால், அவதானிப்போர் பாட்டை எதிர்பாராது, ஒற்றைச் சத்தங்களையும் அசைவுகளையுமே கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

தோட்டத்திலே முதலிற் கண்ணிற்படுவனவற்றுள் ஒன்று சாம்பல் வாலாட்டி. முதுகு சாம்பல் நிறம். வாலடி மஞ்சள் நிறம். நீண்ட வால் ஓயாது மேலுங்கீழும் அசையும். செப்டெம்பரிலே பீலிக்கரையிலும், ஓடையிலும், நீர் வழிந்தோடும் தோட்டப் பாதையிலும் இதனைக் காணலாம். இறப்பர் மரங்களின் நிழலிலும் வீட்டுத் தோட்டத்திலும் உலவும் கொடிக்கால் வாலாட்டி இதனின் வேறானது. அதன் மார்பிலே இரண்டு கரும்பட்டிகள் உண்டு. அது வாலைப் பக்கவாட்டிலே அசைக்கும். வாலசைவு ஒன்றைக் கொண்டே இவ்விரண்டையும் தொலைவிலிருந்து பிரித்தறியலாம்.

திறந்த நிலத்திலே மிகத் தெளிவாக வெளிப்படும் வலசைப் பறவை பழுப்புக் கீச்சான். கண்ணை ஊடறுத்துச் செல்லும் கரும்பட்டையும் கொக்கிபோல் வளைந்த அலகும் உடையது. கவ்வாத்துக் கட்டையிலோ மானாக் காட்டின் நடுவே நிற்கும் உலர்ந்த கொம்பிலோ நிமிர்ந்து அமர்ந்து, கீழே அசையும் பூச்சியைப் பாய்ந்து பற்றும். வந்திறங்கிய நாள்களிலே இது கரகரத்த குரலில் ஓயாது கத்தும். தான் தங்கப்போகும் எல்லையை ஏனைய கீச்சான்களுக்கு அறிவிக்கும் கூச்சல் அது. முந்தி வந்து எல்லை கொண்ட பறவைக்கே வாய்ப்பு அதிகம். மேலும், அதே பறவை ஆண்டுதோறும் அதே இடத்துக்கு மீண்டு வருவது, கால்வளையமிட்டு நடத்திய ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது. வடகிழக்கு ஆசியாவிற் பிறந்த பறவை, ஒரு தோட்டத்தின் ஒரு மலையிலுள்ள ஒரு கொம்பை நினைவிற் கொண்டு திரும்புகின்றது என்பது வியப்புக்குரியது. அக்கொம்பையும் அதைச் சூழ்ந்த புல்லையும் வெட்டி நீக்கினால் இழக்கப்படுவது யாது என்பதையும் இதுவே உணர்த்துகின்றது.

ஒட்டுத்தாள் வயல்களிலும் குட்டைப்புல் தரையிலும் நெட்டைக்காலிகளை நோக்கலாம். இங்கேயே வாழும் வயல் நெட்டைக்காலி சாதாரணமாகக் காணப்படுவது. வடக்கேயிருந்து வரும் பெரிய நெட்டைக்காலி அரிதானது, உருவிற் பெரியது, மேலும் நிமிர்ந்து நிற்பது, எழுந்து பறக்கையிற் கரடுமுரடான ஒற்றைக்குரல் எழுப்புவது. புதர்களுக்குள்ளே மறைந்து 'சக், சக்' என்று ஒலிக்கும் நாணற் கதிர்க்குருவியும், மரக்கிளைகளிலே துருதுருக்கும் இலைக் கதிர்க்குருவிகளும் வடபுலத்திலிருந்து வருபவையே.

இவற்றோடு, பாடும் பறவைக் கூட்டத்தைச் சேராத இரு விருந்தினரையும் குறிப்பிடுதல் தகும். ஒன்று, புல்நிலத்தின் மேலே வட்டமிட்டுத் தும்பி பிடிக்கும் நீலவால் பஞ்சுருட்டான். மற்றது, காலையும் மாலையும் ஆறு மணியளவிற் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி எனத் தமிழர் வழங்கும் பறவை. கடல் கடந்து களைத்து வந்திறங்கும் இது, சிலவேளை வீடுகளுக்குள்ளேயே புகுந்துவிடும். சிங்கள மக்கள் இதன் குரலைக்கொண்டு 'அவிச்சியா' என்பர். தன் அழகிய ஆடையை மயில் கவர்ந்து சென்றதென இது முறையிடுவதாக ஒரு கதையும் சொல்வர். லயத்துத் தமிழரும் அயற்கிராமத்துச் சிங்களவரும் ஒரே குரலைக் கேட்டு இருவேறு பெயரிட்டனர். இரண்டும் கூர்ந்த அவதானத்தின் பயனே.

ஒரே கம்பியில் மூன்று தகைவிலான்கள்

வருவதையும் உறைவதையும் வேறுபடுத்துவதே இத்துறையின் அடிப்படைப் பயிற்சி. அதற்குத் தகைவிலானைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

எட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ பலாங்கொடையிலோ, புரட்டாசி மாத மாலையொன்றில் மின்கம்பியிலே வரிசையாக அமர்ந்திருக்கும் தகைவிலான்கள் யாவும் ஒன்றுபோலத் தோன்றலாம். உற்று நோக்கின் அவற்றுள் மூவினம் இருக்கக்கூடும். செம்பழுப்புத் தொண்டையும், அதன் கீழே கருநீலப் பட்டையும், ஆழப் பிளந்த வாலும் உடையது வடக்கேயிருந்து வந்த தகைவிலான். இவ்வாண்டு பிறந்த குஞ்சுகளுக்கு வால் நீண்டிராது என்பதை மறத்தலாகாது. மார்பிற் கரும்பட்டை இன்றி, வயிறு மங்கிய சாம்பல் நிறமாக இருப்பது மலைத் தகைவிலான். அது தோட்டத்துக் கட்டடங்களின் கூரைக்குள்ளேயே சேற்றுக்கூடு கட்டி ஆண்டு முழுவதும் வாழ்வது. அடிப்பாகம் முழுவதும் செங்காவி படர்ந்தது, இத்தீவுக்கே உரிய இலங்கைத் தகைவிலான். அதுவும் பாலங்களின் அடியிலும் கட்டடங்களிலும் கூடு கட்டுவது.

ஒரே கம்பியில் அமர்ந்திருப்பதைக் கொண்டு மூன்றையும் வந்தேறிகள் என்பதும் தவறு. மூன்றையும் உள்ளூர்ப் பறவைகள் என்பதும் தவறு. எங்கே கூடு கட்டுகின்றது, எங்கே குஞ்சு பொரிக்கின்றது, ஆண்டின் எம்மாதங்களிற் காணப்படுகின்றது என்னும் சான்றுகளே முடிவைத் தருகின்றன.

இவ்வொழுங்கை மனிதர் விடயத்திற் கைக்கொள்ளாமையின் விளைவை இத்தோட்டங்களின் வரலாறு காட்டுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலும் பருவகாலத்தவரே. பழம் பறிக்கும் காலத்தில் வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி வீழ்ந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. இறப்பரும் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பால் வெட்டப்படுவது. ஆகவே, தொழிலாளர் குடும்பமாகக் குடியேறினர், இங்கேயே பிறந்தனர், இங்கேயே மாண்டனர். உற்பத்தி முறை அவர்களை நிலையான குடிகளாக்கிய பின்னரும், ஆட்சியாளரின் ஏடு அவர்களை வந்து போவோராகவே எழுதியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவ்வெழுத்தை விதியாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சமமாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோராக எஞ்சியவர்களின் நிலை 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களாலேயே பெரிதும் தீர்ந்தது.

ஆதலின், மலையக மக்களை வலசைப் பறவைகளுக்கு உவமிக்கும் வழக்கம் கவிதைக்கு இனிதாயினும் உண்மைக்கு மாறானது. வலசைப் பறவை எங்கே கூடு கட்டுகின்றதோ அதுவே அதன் தாயகம். அவ்வளவுகோலின்படி, லயத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தோர் கூரையிற் கூடுகட்டிய மலைத் தகைவிலானையே ஒப்பர்.

எழுதியோரும் எழுதாதோரும்

இலங்கைப் பறவையியலின் ஏடுகள் வளமானவை. கெலார்ட், லேயர்ட் ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குறிப்புகள் எழுதினர். படை அதிகாரியாகிய லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் வரலாறு இன்றும் மூலநூலாகப் போற்றப்படுகின்றது. வெயிற் என்பவரின் கைந்நூல் 1925இல் வெளிவந்தது. தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஹென்றியின் வழிகாட்டி நூல் 1955இல் வெளிவந்தது. 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகத்தின் தொடக்ககால உறுப்பினருட் பலர் தோட்டத் துரைமார். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தோன்றிய களப் பறவையியற் குழு, இத்துறையை மாணவரிடையே பரப்பியது.

துரைமாரின் குறிப்புகளிற் பெறுமதி இல்லை என்பது நமது வாதமன்று. நாளும் இடமும் குறித்த அவர்களது பழக்கம் அறிவியலுக்குப் பெருந்தொண்டு. ஆயினும், துரைக்குக் குதிரையும் தொலைநோக்கியும் ஓய்வுநேரமும் இருந்தன. பிரட்டுக்கு விடியுமுன் எழுந்து, மாலைவரை மலையில் நின்று கொழுந்தெடுத்த பெண்ணுக்கு அவை இல்லை. ஆனால் அவள் கண்ட நாள்கள் துரை கண்ட நாள்களினும் அதிகம். புல்வெட்டுவோரும் பால் வெட்டுவோரும் எந்த மலையில் எக்குருவி எப்போது வரும் என்பதை அறிந்திருந்தனர். எழுத்தறிவு மறுக்கப்பட்டமையாலும் ஏடு அவர்களுக்கு மூடப்பட்டிருந்தமையாலும் அவ்வறிவு ஒவ்வொரு தலைமுறையோடும் மறைந்தது. தமிழகத்திலே மா. கிருஷ்ணன் தமிழில் இயற்கை பற்றி எழுதினார், க. ரத்னம் தமிழிற் பறவைப் பெயர்களைத் தொகுத்தார். மலையகத்தின் பறவைச் சொற்களைத் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

அவதானிக்கும் முறை

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் இன்றியமையாதன அல்ல. ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் நோக்குதலே முதன்மையானது. ஒரு மானாச் சரிவு, ஒரு கவ்வாத்து மலை, ஒரு வயல், ஒரு பீலிக்கரை என நான்கு இடங்களைத் தெரிந்து, ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் முடிவுவரை வாரம் ஒருமுறையேனும், ஒரே நேரத்தில், அரைமணி நேரம் நோக்குதல் போதுமானது. விடிந்த பின் முதல் இரண்டு மணி நேரம் சிறந்தது.

ஒவ்வொரு முறையும் எழுதவேண்டியவை சில: நாள், நேரம், தோட்டம், பிரிவு, மலையின் இலக்கம், நிலத்தின் நிலை, மழையும் காற்றும், பறவையின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல். பெயர் தெரியாவிடின் நிறம், பருமன், வாலசைவு, குரல் ஆகியவற்றை எழுதலாம். ஊரார் வழங்கும் பெயரையும் சேர்த்தெழுதுதல் நன்று. எதுவும் காணப்படாத நாளையும் தவறாது குறித்தல் வேண்டும். முதற்பறவை வந்த நாளின் பெறுமதி, அதற்கு முந்திய வாரத்திலே அது அங்கே இல்லை என்னும் குறிப்பினாலேயே உறுதிப்படுகின்றது.

டென்மார்க்கிலே மோர்ட்டென்சன் என்னும் ஆசிரியர் 1899இல் பறவைகளின் காலிலே இலக்கமிட்ட அலுமினிய வளையங்களைப் பூட்டியதிலிருந்து, தனிப் பறவையொன்றின் பயணத்தை அறிதல் இயல்வதாயிற்று. வளையமிடுதல் பயிற்சியும் அனுமதியும் பெற்றோர்க்குரியது. வருகை நாளைக் குறித்தலோ தோட்டப் பாடசாலை மாணவருக்கும் இயல்வது. இன்று ஈபேர்ட் போன்ற பொதுத் தரவுத்தளங்களிலே அக்குறிப்புகளைச் சேர்க்கவும் முடியும். ஆனால் ஒன்றை வலியுறுத்தல் வேண்டும். இப்பணி தோட்டத் தொழிலாளர்மீது சுமத்தப்படும் ஊதியமற்ற இன்னொரு வேலையாகிவிடக் கூடாது. அவர்களிடம் கேட்டறிந்து எழுதுவோர், கூறியவரின் பங்கை அவர் விருப்பப்படி ஏட்டிற் குறித்தல் அறமாகும்.

இன்றைய நெருக்கடி

பூச்சியின்றேல் இப்பறவைகளும் இல்லை. தேயிலை மலையின் உயிர்ச்சமநிலை எத்துணை நுட்பமானது என்பதற்கு இலங்கையின் அனுபவமே சான்று. தேயிலை இலைசுருட்டிப் புழுவைக் கட்டுப்படுத்த 1930களின் நடுப்பகுதியில் சாவகத்திலிருந்து ஒட்டுண்ணிக் குளவியொன்று கொண்டுவரப்பட்டு வெற்றியளித்தது. பின்னர், தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்கத் தெளித்த டீல்டிரின் நஞ்சு அக்குளவியையும் கொன்றமையால், அடங்கியிருந்த இலைசுருட்டி மீண்டும் பெருகியது. களைகொல்லியின் கதையும் ஆராயத்தக்கது. கிளைபோசேற் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பர்ப் பயிர்களுக்கு மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இத்தடையும் தளர்வும் தோட்டத்துப் புல்லிலும் பூச்சியிலும் பறவையிலும் யாது மாற்றம் விளைத்தன என்பதை அறிய, அவ்வாண்டுகளில் அம்மலைகளிலேயே எழுதப்பட்ட தொடர்க்குறிப்புகள் வேண்டும். காலநிலை மாற்றத்தினால் வலசைப் பறவைகளின் வருகை நாள் முந்துகின்றதா பிந்துகின்றதா என்னும் வினாவும் அத்தகையதே. ஐரோப்பாவில் இதற்கு விடை கூற முடிந்தமைக்குக் காரணம், அங்கே பல தலைமுறையாக எளிய மனிதரும் நாட்குறிப்பு எழுதியமையே.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஓர் உண்மை தெளிவாகின்றது. நிலத்தைத் 'தரிசு' என்றும், மனிதரை 'வந்து போவோர்' என்றும் எழுதிய ஏடுகள், உற்றுநோக்காது எழுதப்பட்டவை. பறவை அவதானம் அதற்கு நேர்மாறான பயிற்சி. பெயரிடுமுன் பார்க்கவேண்டும், முடிவு கூறுமுன் சான்று தேடவேண்டும் என்பதை அது கற்பிக்கின்றது. மானாக் காட்டிலே பழுப்புக் கீச்சான் வந்திறங்கும் நாளை அங்கே உழைக்கும் மக்களே தம் மொழியில் எழுதி வைப்பார்களாயின், சபரகமுவவின் புல்நிலத்துக்கு ஒரு வரலாறு கிடைக்கும். அவ்வேட்டைத் தொடங்குவதற்கு ஒரு குறிப்புப் புத்தகமும் ஒரு பென்சிலும் அடுத்த ஆவணி மாதமும் போதுமானவை.